தருமபுரி ஞாயிறு நடன வகுப்பு: சொல்லிக்கொடுப்பது முதல் தரம், கட்டடம்தான் இடிக்கிறது

தருமபுரி டவுனில், சேலம் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை நடக்கிறது இந்த வகுப்பு. வீல்சேரில் இருப்பவர், காலிபர் (காலைத் தாங்கும் கம்பிக் கட்டு) போட்டவர், செயற்கைக் கால் வைத்தவர், காது கேளாதவர், பார்வை இல்லாதவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், எந்தக் குறைபாடும் இல்லாதவர் என எல்லோரும் ஒரே தரையில் ஒரே பாடத்தை ஆடுகிறார்கள். மாதம் 600 ரூபாய். துணைக்கு வருபவருக்குக் கட்டணம் கிடையாது. பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கற்றுக்கொடுக்கும் முறைக்காகத் தாராளமாகச் சேரலாம். ஆனால் வீல்சேரில் வருபவர்கள், அதிலும் பெண்கள், கழிவறை நிலைமையைத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஆண்டு விழாவைப் பற்றியும் சில கசப்புகள் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

வகுப்பின் முதல் விதி, கேட்காமல் யாருடைய வீல்சேரையும் தொடக்கூடாது என்பது. இது வெறும் மரியாதைக்காக மட்டும் வைத்த விதி இல்லை. ஒருவர் சக்கரத்தைப் பிடித்துச் சுழலும்போது பின்னாலிருந்து இன்னொருவர் தள்ளினால், கட்டைவிரல் கம்பிக்குள் மாட்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்பக்கமாகச் சாயும். அதோடு எந்தத் தாளத்தில் நகர்வது, எங்கே நிற்பது என்பது ஆடுபவர் கையை விட்டுப் போய்விடும். வேறு இடங்களில் ஆடிவிட்டு இங்கே வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான். அங்கே அவர்களை உட்காரவைத்து, மற்றவர்கள் தள்ளிக்கொண்டு சுற்றி வந்திருக்கிறார்கள். கை மட்டும் ஆடும், உடம்பு சும்மா இருக்கும். இங்கே இரண்டாவது மணி நேரப் பாடத்தை எடுக்கும் அக்காவே வீல்சேரில் இருப்பவர். அவர் ஓர் அடவை, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவை, சக்கரத்தில் அமைத்துக் காட்டுவார். நின்று ஆடுபவர்கள் அதற்கு இணையானதைத் தங்கள் காலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாக இதற்குத் தலைகீழாகத்தான் நடக்கும். நின்று ஆடுபவருக்கு அமைத்ததை வெட்டிச் சுருக்கி உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த வகுப்பை நாம் உயர்வாக மதிக்கிறோம்.

ஓர் உதாரணம். தட்டடவில் ‘தை யா தை யீ’ சொல்லிக் காலைத் தட்டுவோம். சக்கரத்தில் அந்தத் தட்டு உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு வருகிறது. டயர் மேல் தட்டினால் மொத்தையான சத்தம் வரும், தள்ளும் வளையத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும். வலுவான அடிக்கு வளையம், மெல்லிய அடிக்கு டயர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நகர்ந்து ஆடும்போது கணக்கு வேறு. எட்டு எண்ணிக்கையில் ஒன்றில் ஒரே உந்து. இரண்டு, மூன்று, நான்கில் நாற்காலி தானாக ஓடும். அந்த இடைவெளியில்தான் கை விடுதலையாகி நாட்டியாரம்பத்துக்கு, அதாவது இருபக்கமும் நீட்டிய தொடக்க நிலைக்கு, போகிறது. ஐந்தில் வலது சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால் நாற்காலி வலப்பக்கம் கால் வட்டம் திரும்பும். மீதி மூன்று எண்ணிக்கை மறுபடியும் கைக்கு. இது முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அழகாக நிற்கும். மிக விரைவான மூன்றாம் காலத்துக்குப் போனால் உந்துக்கும் முத்திரைக்கும் நடுவே நேரமே இருக்காது. அப்போது கையைச் சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு அசைவைத் தோளுக்கும் கழுத்துக்கும் கண்ணுக்கும் மாற்றிவிடுகிறார்கள். இதைத் தெரியாதவர்கள் மூன்றாம் காலத்தில் இரண்டையும் செய்யப் பார்த்து, உந்தும் பாதி, முத்திரையும் பாதி என்று நிற்பார்கள்.

பின்னோக்கி நகரும்போது வரும் சிக்கல் பலருக்குப் புரியாது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் ஓடும் திசைக்குப் பின்பக்கம் இழுபடும்படி அமைந்தவை. முன்னே போய்க்கொண்டிருந்த நாற்காலியைத் திடீரென்று பின்னே இழுத்தால் அவை அரை வட்டம் திரும்பிய பிறகுதான் நேராகும். அந்த நொடியில் நாற்காலி பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும், வரிசை கலையும். இங்கே சொல்லித்தரும் வழி, தாளத்துக்கு அரை எண்ணிக்கை முன்பே மெல்லப் பின்னே உருட்டிச் சின்னச் சக்கரங்களைத் திருப்பி வைத்துவிடுவது. அல்லது நடுவில் ஒரு சுழலைச் சேர்த்து அந்த வெட்டைச் சுழலுக்குள் கரைத்துவிடுவது. சுழலுக்கு வலது சக்கரம் முன்னே, இடது பின்னே, இரண்டும் ஒரே நொடியில். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் போடும் வேகச் சுற்றைச் சக்கரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். காலில் ஆடுபவரால் அந்த வேகத்தைப் பிடிக்க முடிவதில்லை. நிறுத்தும்போது விரலால் கம்பியைப் பிடிக்கக்கூடாது, இரண்டு உள்ளங்கைகளாலும் வளையத்தை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். தோல் சூடேறிக் கொப்பளிக்கும் என்பதால் விரல் நுனி இல்லாத சைக்கிள் கையுறை கட்டாயம். மோதிரமும் கண்ணாடி வளையலும் கூடவே கூடாது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்து ஊக்கு குத்த வேண்டும்.

மருத்துவமனை வகை மடக்கு வீல்சேரோடு வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது 18 கிலோ அளவுக்குக் கனக்கும். கைப்பிடியும் கால்பலகையும் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் ஆடுபவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும். ரப்பர் கட்டி டயராக இருந்தால் ஓர் உந்துக்கு இரண்டு எண்ணிக்கைக்கு மேல் ஓடாது, மேலே சொன்ன கணக்கெல்லாம் பாழாகிவிடும். மடங்காத, எடை குறைந்த, உடம்பின் அளவுக்குச் செய்த நாற்காலிதான் ஆட ஏற்றது. சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃபிளை அப்படிப்பட்டது. அறிமுகமானபோது விலை சுமார் 40,000 ரூபாய். எல்லோராலும் முடியாது. இருக்கிற நாற்காலியிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. காற்று டயர் என்றால் பக்கச் சுவரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். சின்னச் சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் பூச்சரத்து நூலும் சுற்றிக்கொள்ளும். அது சேர்ந்தால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுக்கும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பு மடிப்பில் உட்கார வேண்டும். பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரம் தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். முழுக்கத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் திரும்பவே விடாது.

சலங்கை பற்றிப் புதிதாக வரும் பெற்றோர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கால் தட்டாதபோது சலங்கையை மணிக்கட்டில் கட்டலாம், ஆனால் ஒரே வரிசை மட்டும். நான்கைந்து வரிசை கட்டினால் உந்தும் தோளுக்கு அந்தக் கனம் ஆகாது. கையால் சக்கரம் தள்ளி வாழ்பவருக்குத் தோள்தான் காலும். தோள்வலி வந்தால் நடனம் மட்டும் இல்லை, கட்டிலிலிருந்து இறங்குவதும் நின்றுபோகும். இங்கே பயிற்சி தொடங்குமுன் தோளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது அதனால்தான். பாடத்துக்கு நடுவே, அரைமணிக்கு ஒருமுறை, எல்லோரும் முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் வைத்து நமஸ்காரம் செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். முதுகுத்தண்டுவட பாதிப்பு உள்ளவருக்கு உட்காரும் எலும்பின் மேல் இருக்கும் அழுத்தம் குறைந்து புண் வராமல் காக்கிறது. மருத்துவக் குறிப்பாகச் சொல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பது நல்ல யோசனை.

மாதம் ஒருமுறை ஒருவர் மேல் ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் பயிற்சி உண்டு. 1972-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த தொடுகை நடனத்திலிருந்து வந்தது இது. 1987-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஆக்சிஸ் குழுவும், 1991-இல் லண்டனில் செலஸ்ட் டான்டேக்கரும் ஆடம் பெஞ்சமினும் சேர்ந்து தொடங்கிய காண்டோகோவும் ஊனமுற்ற, ஊனமற்ற நடனக்காரர்களை ஒரே மேடையில் ஏற்றின. நம் நாட்டில் பெங்களூரைச் சேர்ந்த சையத் சலாவுதீன் பாஷா பரதத்தை வீல்சேருக்குக் கொண்டுவந்தவர். இந்த வகுப்பில் இரண்டு வழியும் கலந்திருக்கிறது. எடை சாய்க்கும்போது கவனிக்க வேண்டியது, பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும். சாய்பவர் எடையைப் பெரிய சக்கரத்து அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாகக் கொடுக்க வேண்டும். முதுகுப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் நாற்காலி மல்லாந்துவிடும்.

காது கேளாதவர்கள் அதிர்வை வைத்து ஆடிவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. கான்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிய தரை அதிர்வைக் காலுக்குக் கொண்டுவருவதில்லை. இங்கே 8க்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளை மரச்சட்டத்தின் மேல் அடித்து, அதன் மேல் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வெறுங்காலில் நின்றால் பம்பையின் அடி குதிகாலில் தெரிகிறது. பறையின் கூர்மையான அடி அவ்வளவாக இறங்குவதில்லை, அதனால் தாளத்துக்குப் பம்பையைத்தான் வைக்கிறார்கள். ஆனால் இடமும் வேகமும் பார்வை வழியாகத்தான் வருகின்றன. முன்னால் ஒருவர் கையில் எண்ணிக்கை காட்டுவார். குழுவாகத் திரும்பி முதுகு காட்டும் இடத்தில் அவர் மறைந்துவிடுவார், அந்த இடத்தில்தான் எல்லாக் குழுவும் தடுமாறும். இங்கே பின்பக்கமும் ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். சிறிய ஏற்பாடு, பெரிய வித்தியாசம். குறை என்னவென்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் எல்லா வாரமும் வருவதில்லை. அவர் வராத நாளில் திருத்தங்கள் சைகையாகவும் வாயசைப்பாகவும் அரைகுறையாகப் போய்ச் சேருகின்றன. தன்னை மட்டும் ஏன் நிறுத்தினார்கள் என்றே தெரியாமல் நிற்பதுதான் மிக அலுப்பானது என்கிறார்கள் காது கேளாத மாணவர்கள். அந்த வாரங்களில் திருத்தங்களைப் பலகையில் எழுதிப் போடலாம், அதுகூடச் செய்வதில்லை.

பார்வை இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ‘இப்படி’, ‘அந்தப் பக்கம்’ என்ற சொற்களுக்கே இடமில்லை. ‘வலக்கை தோள் உயரம், முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை தரையைப் பார்த்து’ என்று சொல்கிறார்கள். புரியாவிட்டால் மாணவரின் கையை ஆசிரியர் பிடித்து வளைப்பதில்லை. ஆசிரியர் நிலையில் நிற்க, மாணவர் அவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். இது கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் உடம்பில் தங்கும். திசை தெரிவதற்கு, முன்பக்க மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், எந்தக் காரணத்துக்காகவும் அது இடம் மாறாது.

இங்கேதான் ஒருவர் தேவை இன்னொருவர் தேவையோடு மோதும். தரையின் எல்லை காலுக்குத் தெரிய வேண்டும் என்று சணல் கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால், அந்த மேடு வீல்சேரின் சின்னச் சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும். மெதுவாக உருளும்போது ஆளை முன்னே தள்ளியும் விடும். கயிற்றை அரை அடித் துண்டுகளாக வெட்டி, நடுவே சக்கரம் போக வழி விட்டு ஒட்டியிருக்கிறார்கள். காலுக்கும் தெரிகிறது, சக்கரமும் போகிறது. அதேபோல் காது கேளாதவருக்கு வேண்டிய கனத்த ஒலி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தாங்காது. ஸ்பீக்கரைப் பலகையில் கவிழ்த்ததில் அதுவும் ஓரளவு தீர்ந்தது; காதை மூடும் மஃப் இரண்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் வேண்டும்.

காலிபர் போட்டவர்கள் இந்த வகுப்பில் பெரும்பாலும் போலியோ வந்து, நாற்பதைத் தாண்டியவர்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது; இனி இந்தக் கூட்டத்தில் புதியவர்கள் சேர வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வயதில் போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி வரும். இத்தனை வருடம் தாங்கிய தசை சோர்ந்து போகும், பயிற்சியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ‘இன்னும் ஒரு தடவை, முடியும்’ என்று உற்சாகப்படுத்துவது இவர்களுக்குக் கெடுதல். ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் கூட ஆடும் இளைஞர்களுக்குத் தெரிவதில்லை, கைதட்டித் தூண்டுகிறார்கள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் டைல்ஸில் வழுக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் முன் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக் கால் வைத்தவர் என்றதும் எல்லோரும் சுதா சந்திரனைச் சொல்வார்கள். 1981 விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பியவர். ஜெய்ப்பூர் காலில் வெறுங்காலோடு நடக்கலாம், பாதம் வளையும் என்பதெல்லாம் நமக்குப் பெரிய வசதி. ஆனால் வியர்வையில், மீதிக் காலை நுழைக்கும் உறை நழுவும். முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் எடை முழுவதும் நல்ல காலுக்குப் போய் அந்த முட்டி கெடும். அதனால் இங்கே அரைமண்டியின் ஆழத்தை நல்ல காலை வைத்து முடிவு செய்வதில்லை, எடை இரண்டிலும் சமமாக நிற்கும் ஆழமே போதும் என்கிறார்கள். மாற்றுக் காலுறையும் ஒரு துண்டும் பையில் இருக்கட்டும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கலாம் என்பதால், குட்டிக்கரணமும் கூத்துப் பாணியில் தலையை உலுக்குவதும் இங்கே கிடையாது. பெற்றோர் கேட்டாலும் செய்வதில்லை. சரிதான்.

இனி கட்டடம். வாசலில் ஏழு அங்குலப் படிகள் இரண்டு, ஆக 14 அங்குல உயரம். 1க்கு 12 சாய்வு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம், வேண்டுமென்றால் 14 அடி நீளச் சாய்தளம் தேவை. இவர்கள் போட்டிருப்பது 5 அடி இரும்புத் தகடு. அதாவது 1க்கு 4-ஐ விடச் சற்றே சாய்வு குறைவு, அவ்வளவுதான். தனியாக ஏற யாராலும் முடியாது, இறங்கும்போது ஆபத்து. உள்ளே தன் நாற்காலியை யாரும் தொடக்கூடாது என்ற உரிமையோடு ஆடுபவரை, வாசலில் நான்கு பேர் தூக்கி இறக்குகிறார்கள். வாசல் முன் இடம் இருக்கிறது. வளைத்துப் போட்டால் 14 அடிச் சாய்தளம் தாராளமாக அடங்கும்.

கழிவறை இதைவிட மோசம். கதவு 24 அங்குலம்தான். சாதாரண வீல்சேரின் அகலமே அதற்கு மேல். அரசின் தரநிலை 900 மில்லிமீட்டர் கதவும், உள்ளே 1,500 மில்லிமீட்டர் திரும்பும் இடமும் கேட்கிறது. இரண்டு மணி நேர வகுப்பு, போக வர ஒரு மணி நேரம் என்றால், பெண்கள் பலர் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். தருமபுரி வெயிலில் இது சிறுநீர்த் தொற்றுக்கும் மயக்கத்துக்கும் நேர்வழி. மார்புக்கு மேல் தண்டுவட பாதிப்பு உள்ளவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு சூட்டை இறக்கத் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதத்து மாலை நான்கு மணி என்பது அவர்களுக்குத் தகாத நேரம். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத் துண்டும் வைத்திருக்கிறார்கள். அது போதாது, கோடையில் வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றியாக வேண்டும்.

பஸ் செலவு பெரிய கவலை இல்லை. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. படி உயரம்தான் தடை. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருபவர்களுக்கு மண்டபத்துக்குள் நிறுத்த நிழல் உண்டு.

ஆண்டு விழா பற்றி. வகுப்பில் பார்த்ததெல்லாம் மேடையில் பாதி காணாமல் போகிறது. வருகிற விருந்தினருக்காகக் கடைசிப் பாடலில் வீல்சேர்களை மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், வகுப்பின் முதல் விதியே உடைகிறது. அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் விபத்தையும் நோயையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் ஆட விடுகிறார். ஆடியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அடவு எப்படி இருந்தது, தாளம் நின்றதா என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, கலையில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அனுதாபத்தைப் பற்றி அல்ல. போன விழாவில் படபடவென்று மின்னும் விளக்கு வேறு. வலிப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் குழுவில் அதைப் போடவே கூடாது. விழாப் பொறுப்பை இரண்டாம் மணி நேரப் பாடம் எடுக்கும் அக்காவிடம் கொடுத்தால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

சேர நினைப்பவர்கள் முதல் வகுப்பைக் கட்டணமின்றி ஆடிப் பார்க்கலாம். காலி வயிற்றோடு வராதீர்கள், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வலி, வலிப்பு, தோல் புண், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பற்றி ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் பேசுவதைவிட, பிள்ளை பேச முடிந்தால் அவர்களையே கேட்கிறார்கள். தூக்கி இறக்குவது ஒத்துவராதவர்கள், அந்த இரும்புத் தகட்டை மாற்றும்வரை பொறுப்பது நல்லது. மற்றவர்கள் கோடை முடிந்து ஜூனில் சேர்ந்தால் முதல் அடவிலிருந்து தொடங்குகிறார்கள்.